வேலைத்தலத்தில் உடல்நலம்: தொழிலாளரைக் கேட்டறிந்து விதிகளை மாற்றுவது எப்படி?

ஒன்ராறியோவில் வாழும் எமது மக்களில் பலர் தொழிற்சாலைகளிலும், பொதி செய்யும் நிலையங்களிலும், உணவகச் சமையலறைகளிலும், ஹோட்டல்களிலும், முதியோர் பராமரிப்பு இல்லங்களிலும் வேலை செய்து வருகின்றனர். இவ்வேலைகளால் வரும் முதுகு நோ, தோள் உளைவு, கை விறைப்பு, நித்திரையின்மை, மன அழுத்தம் என்பன பற்றி வீட்டிலும், கலியாண வீட்டிலும், கோயில் வீதியிலும் நாம் தாராளமாகக் கதைக்கின்றோம். வேலைத்தலத்தில் மட்டும் அதைச் சொல்வது மிகக் குறைவு. "சொன்னால் வேலை போய்விடும்", "சொல்லி என்ன பயன்", "இங்கிலீசில் இதை எப்படிச் சொல்வது" என்று அதற்குப் பல காரணங்கள் உண்டு. இதன் விளைவாகக் காயப் பதிவேடு வெறுமையாக இருக்கின்றது. பதிவேடு வெறுமையாக இருக்கும்போது, விதிகளை மாற்ற வேண்டிய தேவை நிர்வாகத்துக்குத் தெரியாமல் போகின்றது. சில இடங்களில் தெரியாதது போல இருப்பதற்கும் அது வசதியாகி விடுகின்றது.

தேநீர் இடைவேளையில் கதைத்து முடிந்துபோகும் இவ்விடயங்களை ஒழுங்காகக் கேட்டு, பதிந்து, வேலைத்தல விதிகளை மாற்றுவதற்குரிய ஆதாரமாக ஆக்கும் முறை ஒன்று உண்டு. ஆய்வாளர்கள் அதனைப் 'பண்புசார் ஆய்வு' என்பார்கள். பல்கலைக்கழகத்துக்கு மட்டும் உரிய விடயம் என்று இதனை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. வேலைத்தலப் பாதுகாப்புக் குழுவில் இருக்கும் ஒரு சாதாரணத் தொழிலாளியும் இதன் அடிப்படைகளைக் கற்றுக்கொண்டு பயன்படுத்தலாம். இம்முறை எமது உடல்நலப் பகுதியில் அதைப் பற்றிப் பார்ப்போம்.

எண்கள் காட்டாத பக்கம்

அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் ஹோட்டல் அறைகளைச் சுத்தம் செய்யும் 941 தொழிலாளர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்றின் முடிவுகள் 2005ஆம் ஆண்டில் வெளியாகின. இவர்கள் தொழிற்சங்கத்தில் உள்ளவர்கள். அதாவது, ஓரளவு பாதுகாப்புடன் வாய் திறக்கக் கூடியவர்கள். முந்திய 12 மாதங்களில் இவர்களில் 75 வீதமானோருக்கு வேலையால் ஏற்பட்ட நோ இருந்தது. ஆனால் அதை நிர்வாகத்திடம் அறிவித்தவர்கள் 31 வீதமானோர் மட்டுமே. நட்டஈட்டுக்கு விண்ணப்பித்தவர்கள் 20 வீதமானோர். அந்த விண்ணப்பங்களிலும் 35 வீதமானவை மறுக்கப்பட்டன.

ஏன் அறிவிக்கவில்லை என்பதற்கு அவர்கள் கூறிய காரணங்களைப் பாருங்கள். "அது பெரிய கரைச்சல்" என்ற காரணத்தை 43 வீதமானோரும், "பயமாக இருந்தது" என்பதை 26 வீதமானோரும், "எப்படி அறிவிப்பது என்று தெரியாது" என்பதை 18 வீதமானோரும் கூறினர். ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ எமது ஆட்களைக் கேட்டாலும் இதே மூன்று பதில்களும் வரும் என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

நிர்வாகத்தின் பதிவேட்டை மட்டும் பார்த்து விதி அமைப்பவர், நோ உள்ளவர்களில் பாதிக்கும் குறைவானவர்களையே காண்கின்றார் என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம். மற்றவர்களைக் காண வேண்டுமானால் நேரே போய்க் கேட்க வேண்டும்.

15 அறைகள் 14 ஆன கதை

அவ்வாறு கேட்டதனால் நடந்த மாற்றம் ஒன்றைக் கூறுவோம். சான் பிரான்சிஸ்கோ நகரில் 1998, 1999ஆம் ஆண்டுகளில், ஹோட்டல் தொழிற்சங்கமும் கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து அறை சுத்தம் செய்யும் தொழிலாளரின் உடல்நலத்தை ஆராய்ந்தனர். ஆய்வாளர்கள் கேள்விக்கொத்தைத் தாமாகவே எழுதிக்கொண்டு வரவில்லை. முதலில் தொழிலாளர்களில் 25 பேர் கொண்ட குழுவுடன் அமர்ந்து, அவர்களுடைய வேலை நாள் எப்படிப் போகின்றது, எங்கே நோகின்றது, எதனால் நோகின்றது என்று கேட்டனர். ஒரு நாளுக்குரிய அறைகளின் எண்ணிக்கை மாறாமலே, ஒவ்வோர் அறையிலும் செய்ய வேண்டிய வேலையின் கனமும் வேகமும் கூடிவிட்டன என்பது தொழிலாளர் வாயிலிருந்து வந்த செய்தி. அறைகளை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கும் அறிக்கையில் இது தெரிய வராது.

அவர்கள் கூறியவற்றை அடிப்படையாக வைத்துக் கேள்விக்கொத்து தயாரிக்கப்பட்டது. நான்கு ஹோட்டல்களைச் சேர்ந்த 258 தொழிலாளர்கள் அதற்குப் பதிலளித்தனர். அம்முடிவுகளைத் தொழிற்சங்கம் ஒப்பந்தப் பேச்சுவார்த்தை மேசைக்குக் கொண்டு சென்றது. ஒரு நாளைக்கு ஒருவர் சுத்தம் செய்ய வேண்டிய அறைகளின் உச்ச எண்ணிக்கை 15இலிருந்து 14 ஆகக் குறைக்கப்பட்டது. ஓர் அறைதானே என்று சிலர் நினைக்கக்கூடும். நாள் முழுவதும் குனிந்து நிமிர்ந்து கட்டில் விரிப்பவருக்கு அது எவ்வளவு பெரிய விடயம் என்பது அந்த வேலையைச் செய்தவர்களுக்குத் தெரியும்.

பண்புசார் ஆய்வு என்றால் என்ன?

'எத்தனை பேர், எத்தனை தடவை, எத்தனை நாள்' என்று எண்ணுவது அளவுசார் ஆய்வு. 'எப்படி நடக்கின்றது, ஏன் நடக்கின்றது, அதை அனுபவிப்பவர் எப்படி விளங்கிக்கொள்கின்றார்' என்று அறிய முற்படுவது பண்புசார் ஆய்வு. இரண்டும் ஒன்றுக்கொன்று போட்டியானவை அல்ல. மேலே கூறிய சான் பிரான்சிஸ்கோ ஆய்வில் ஒன்று மற்றதற்கு வழிகாட்டியது.

பண்புசார் ஆய்வில் பொதுவாக மூன்று வழிகள் கையாளப்படுகின்றன. ஒன்று, தனித்தனியாக ஆறுதலாகக் கதைத்தல். இரண்டாவது, ஒரே வேலை செய்யும் ஆறு முதல் பத்துப் பேர் வரை சேர்ந்து அமர்ந்து கதைத்தல். மூன்றாவது, வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று கவனித்தல்.

மூன்றாவது வழியை நாம் இலகுவில் மறந்து விடுகின்றோம். மொன்றியலைச் சேர்ந்த ஆய்வாளர் கரன் மெசிங் அவர்களும் அவருடைய குழுவினரும் வைத்தியசாலைச் சுத்திகரிப்பாளர்கள், காசாளர்கள் போன்றோரின் வேலையை நீண்ட நேரம் கூடவே நின்று கவனித்து ஆராய்ந்தவர்கள். வைத்தியசாலைச் சுத்திகரிப்பில் 'பாரமான வேலை' என்று ஆண்களுக்கும் 'இலேசான வேலை' என்று பெண்களுக்கும் பிரித்துக் கொடுப்பது வழக்கமாக இருந்தது. பக்கத்தில் நின்று பார்த்தபோதுதான், 'இலேசான' வேலை என்பது ஓயாது குனிதலும், கையை நீட்டித் தேய்த்தலும், விரைவான அசைவுகளும் நிறைந்தது என்பது தெளிவாகியது. பெயரில் இலேசு என்று இருந்தபடியால், அதனால் வரும் நோவை யாரும் பெரிதாக எடுக்கவில்லை.

தொழில் ஆய்வாளர்கள் இதனை 'விதிக்கப்பட்ட வேலை', 'உண்மையில் நடக்கும் வேலை' என்று இரண்டாகப் பிரிப்பார்கள். விதிப்புத்தகத்தில் இருப்பது முதலாவது. உங்கள் உடல் அனுபவிப்பது இரண்டாவது. இவ்விரண்டுக்கும் இடையிலான தூரத்தைக் கண்டறிவதே வேலைத்தலத்தில் பண்புசார் ஆய்வின் முக்கிய பயன்.

கனடாவில் நடந்தவை

தொழிலாளர்களே தமது வேலைத்தலத்தின் ஆபத்துகளைப் படமாக வரைந்து காட்டும் முறை, 1960களில் இத்தாலியின் ரூறின் நகரில் பியற் கார்த் தொழிற்சாலைத் தொழிலாளர்களும் ஐவர் ஒடோனே என்ற வைத்தியரும் சேர்ந்து வளர்த்தெடுத்த ஒன்று. பின்னர் அது பல நாடுகளுக்கும் பரவியது. கனடாவில் வின்ட்சர், வினிப்பெக் ஆகிய நகரங்களின் சூதாட்ட மண்டபங்களில் வேலை செய்தவர்கள் இம்முறையைப் பயன்படுத்தினர். 2001இல் வெளியான அந்த ஆய்வில், மன அழுத்தம், உடலை வருத்தும் வேலை நிலைகள், மற்றவர் விடும் சிகரெட் புகை, இரைச்சல் எனப் பல ஆபத்துகளை அவர்களே இனங்கண்டு வரிசைப்படுத்தினர். வெளியாருக்கு அது குளிரூட்டிய அழகான மண்டபம். அங்கே வேலை செய்தவர்கள் வரைந்த படம் வேறொன்றைக் காட்டியது.

குடிவரவாளர்களான எம்மை நேரடியாகத் தொடும் ஆய்வு ஒன்றும் உண்டு. ரொறன்ரோவில் 1990இல் தொடங்கப்பட்ட 'வேலைக்கும் சுகாதாரத்துக்குமான நிறுவனம்', ஒன்ராறியோவில் வேலையில் காயப்பட்ட குடிவரவாளர்களுடன் நீண்ட நேர்காணல்களை நடத்தி அதன் முடிவுகளை 2012இல் வெளியிட்டது. பலருக்குத் தமது உரிமைகள் பற்றித் தெரிந்திருக்கவில்லை. காயத்தை அறிவிக்கவே அவர்கள் தயங்கினர். அறிவித்த சிலருக்கோ, கோரிக்கைப் பத்திரம் நிரப்ப வேண்டாம், சில நாட்கள் லீவு எடுங்கள் என்று கூறப்பட்டது. புள்ளிவிபரத்தில் இவை எல்லாம் 'காயம் இல்லை' என்றே பதிவாகும். ஏன் பதிவாகவில்லை என்ற விளக்கம் நேர்காணலில்தான் கிடைத்தது.

உங்கள் வேலைத்தலத்தில் செய்யக்கூடிய படிமுறைகள்

1. கேள்வியைச் சுருக்குங்கள்

"எங்கள் வேலைத்தலத்தில் என்ன பிரச்சினை?" என்று தொடங்கினால் கதை எங்கெல்லாமோ போய்விடும். "இரவு ஷிப்டில் பொதி செய்பவர்களுக்கு ஏன் தோள் நோகின்றது?", "பாரம் தூக்கும் விதியை ஏன் ஒருவரும் கடைப்பிடிப்பதில்லை?" என்பன போன்று ஒரு வேலை, ஒரு பிரச்சினை என்று வரையறுத்துக் கொள்ளுங்கள்.

2. எல்லாப் பக்கத்தாரையும் சேருங்கள்

தெரிந்தவர்களுடன் மட்டும் கதைத்தால் தெரிந்த பதில்தான் வரும். பகல் ஷிப்ட், இரவு ஷிப்ட், நிரந்தரமானவர்கள், ஏஜென்சி மூலம் வருபவர்கள், ஆண்கள், பெண்கள், புதியவர்கள், நீண்டகாலம் இருப்பவர்கள் என்று எல்லாத் தரப்பிலும் இருந்து தெரிவு செய்யுங்கள். தமிழர்களுடன் மட்டும் நின்றுவிட வேண்டாம். பக்கத்து மெசினில் நிற்கும் பிலிப்பினோக்காரருக்கும் சோமாலியருக்கும் அதே நோ இருக்கலாம். மேற்பார்வையாளரையும் கேளுங்கள். அவருக்கு மேலிடத்தில் இருந்து வரும் நெருக்குதல் என்ன என்பதும் அறியப்பட வேண்டியதே. ஒரே வேலையைச் செய்யும் குழுவில் 10 முதல் 15 பேருடன் கதைத்து முடியும்போது பெரும்பாலும் புதிய விடயங்கள் வருவது குறைந்துவிடும். அதுவே நிறுத்துவதற்குரிய அடையாளம்.

3. இரகசியம் காப்போம் என்று உறுதி கொடுத்து, அதைக் காப்பாற்றுங்கள்

இதுவே எல்லாவற்றிலும் முக்கியமானது. ஒருவர் உங்களை நம்பிச் சொன்னது அவருடைய வேலைக்கே உலையாகிவிடக் கூடாது. எதற்காகக் கேட்கின்றீர்கள், சொன்னது எங்கே போகும் என்பதை முதலிலேயே விளக்குங்கள். விரும்பாவிட்டால் இடையில் நிறுத்தலாம் என்றும் சொல்லுங்கள். வேலைத்தலத்துக்கு வெளியே சந்திப்பது நல்லது. குறிப்பில் பெயர் எழுத வேண்டாம். அனுமதி இல்லாமல் ஒலிப்பதிவு செய்ய வேண்டாம். வட்ஸ்அப் குழுவில் இவற்றைக் கேட்கவே வேண்டாம், அது யார் யாருக்கு அனுப்பப்படும் என்பது எவருக்கும் தெரியாது. சிறிய வேலைத்தலத்தில் பெயரை நீக்கினாலும் ஆளை அடையாளம் கண்டுவிடுவார்கள். "இரவு ஷிப்டில் வேலை செய்யும் கர்ப்பிணிப் பெண்" என்று எழுதினால் அது யார் என்று எல்லோருக்கும் விளங்கும். அத்தகைய விபரங்களையும் நீக்கி விடுங்கள்.

4. கதை வரும் விதமாகக் கேளுங்கள்

"முதுகு நோகின்றதா?" என்று கேட்டால் "ஓம்" அல்லது "இல்லை" என்ற பதில்தான் வரும். எமது ஆட்கள் பெரும்பாலும் "பரவாயில்லை, சமாளிக்கலாம்" என்று முடித்து விடுவார்கள். அதற்குப் பதிலாக, "நேற்று வேலை தொடங்கியதில் இருந்து முடியும் வரை என்ன என்ன செய்தீர்கள், ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். "எந்த நேரத்தில் மிகக் கஷ்டமாக இருந்தது?", "ஆள் குறைந்த நாளில் என்ன செய்வீர்கள்?", "புதிதாக வருபவருக்கு நீங்கள் என்ன புத்தி சொல்லுவீர்கள்?" என்பன நல்ல கேள்விகள். கடைசிக் கேள்விக்கு வரும் பதில்களில், விதிப்புத்தகத்தில் இல்லாத உண்மையான விதிகள் வெளிவரும்.

தமிழில் நோவைக் குறிக்க எத்தனையோ சொற்கள் உண்டு. உளைவு, குத்து, கடுப்பு, எரிவு, விறைப்பு, இழுப்பு என்பன எல்லாம் ஒன்றல்ல. ஆங்கிலத்துக்கு மாற்றும்போது எல்லாவற்றையும் ஒரே சொல்லால் சொல்லி விடுகின்றோம். அவ்வாறு செய்யாமல், அவர் சொன்ன சொல்லையே எழுதி, அதன் கருத்தையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். விறைப்பு என்றால் சிலருக்கு உணர்வு மரத்துப் போதல், சிலருக்கு அசைக்க முடியாமல் இறுகுதல். விரல்கள் மரத்து, இரவில் எரிவு வருவது மணிக்கட்டில் நரம்பு நெரிபடுவதன் அறிகுறியாக இருக்கலாம். வைத்தியருக்கும் பாதுகாப்புக் குழுவுக்கும் இந்த வேறுபாடு பயன்படும்.

5. உடற்படமும் இடப்படமும் வரையுங்கள்

ஒரு பெரிய தாளில் மனித உடலின் முன்புறத்தையும் பின்புறத்தையும் கோட்டுப் படமாக வரையுங்கள். ஒவ்வொருவரும் தமக்கு நோகும் இடத்தில் நிறப் புள்ளி ஒன்றை ஒட்டட்டும். நோவுக்குச் சிவப்பு, விறைப்புக்கு நீலம், வெட்டுக்காயம் அல்லது சூட்டுக்காயத்துக்குப் பச்சை என்று வைத்துக்கொள்ளலாம். பத்துப் பேர் ஒட்டி முடிந்த பின் பாருங்கள். எட்டுப் புள்ளிகள் வலது தோளில் இருந்தால், "எனக்கு வயது போய்விட்டது, அதுதான்" என்று எண்ணியிருந்தவருக்கும் விடயம் விளங்கும். அடுத்து வேலைத்தலத்தின் வரைபடத்தைக் கீறி, வழுக்கும் இடம், சூடான இடம், இரைச்சலான இடம், பாரம் தூக்கும் இடம் ஆகியவற்றைக் குறியுங்கள். இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்தால் நோவுக்கும் வேலைக்கும் உள்ள தொடர்பு கண்ணுக்குத் தெரியும். ஆங்கிலம் பேசத் தயங்குபவரும் பங்குபற்றக்கூடிய முறை இது.

6. கேட்டவற்றை வகைப்படுத்துங்கள்

குறிப்புகளை இருவர் தனித்தனியாக வாசித்து, திரும்பத் திரும்ப வரும் விடயங்களுக்குத் தலைப்புக் கொடுங்கள். பின்னர் இருவரும் ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் எண்ணத்துக்கு மாறாக ஒருவர் சொல்லியிருந்தால் அதை ஒதுக்க வேண்டாம். "எனக்கு அந்த வேலை கஷ்டமாக இல்லை" என்று ஒருவர் சொன்னால், அவர் உயரமானவரா, வேறு மேசையில் நிற்பவரா, வேறு விதமாகச் செய்கின்றாரா என்று பாருங்கள். தீர்வு அங்கே இருக்கக்கூடும்.

ஓர் உதாரணம்

விளக்கத்துக்காக நாங்கள் அமைத்த உதாரணம் இது. பொதி செய்யும் நிலையம் ஒன்றில், '20 கிலோவுக்கு மேற்பட்ட பெட்டியை இருவர் சேர்ந்து தூக்க வேண்டும்' என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கின்றார்கள். யாரும் அப்படிச் செய்வதில்லை. முதுகு நோ கூடுகின்றது. நிர்வாகம் 'தொழிலாளரின் கவனக்குறைவு' என்று முடிவு செய்து, பாரம் தூக்கும் பயிற்சி வகுப்பை மீண்டும் நடத்துகின்றது.

தொழிலாளர்களைக் கேட்டால் வேறு விடயங்கள் வருகின்றன. இரண்டாவது ஆள் மறு பக்கத்து மெசினில் நிற்கின்றார். அவரைக் கூப்பிட்டால் அவருடைய லைன் நின்றுவிடும், சூப்பர்வைசர் அவரை ஏசுவார். தள்ளுவண்டி இரண்டுதான் உண்டு, அவையும் மறு கோடியில். ஏஜென்சி ஆட்கள் வேகமாகச் செய்யாவிட்டால் நாளைக்குக் கூப்பிட மாட்டார்கள் என்று பயப்படுகின்றார்கள். பலகைத் தட்டு தரையோடு இருப்பதால் கடைசி அடுக்குப் பெட்டிகளைக் குனிந்துதான் எடுக்க வேண்டும்.

இதைக் கேட்ட பின் பயிற்சி வகுப்பினால் பயன் இல்லை என்பது விளங்குகின்றது. தட்டை உயர்த்தும் மேசை, ஒவ்வொரு லைனுக்கும் ஒரு தள்ளுவண்டி, இருவர் தூக்கும் நேரத்தில் லைனின் வேகத்தைக் குறைக்கலாம் என்ற எழுத்து மூலமான அனுமதி, ஏஜென்சி ஆட்களுக்கும் அதே விதி என்பனவே இங்கு தேவையானவை.

சட்டம் தரும் வழி

கண்டறிந்ததை எங்கே கொண்டு போவது? எலியட் லேக் யுரேனியச் சுரங்கத் தொழிலாளர்கள் தமது நுரையீரல் நோய்கள் தொடர்பாக 1974இல் வேலைநிறுத்தம் செய்தனர். அதன்பின் ஜேம்ஸ் ஹாம் தலைமையில் அமைக்கப்பட்ட ஆணைக்குழு 1976இல் அறிக்கை சமர்ப்பித்தது. அதன் தொடர்ச்சியாக வந்ததே 1979இல் நடைமுறைக்கு வந்த ஒன்ராறியோ தொழில்சார் சுகாதாரப் பாதுகாப்புச் சட்டம். ஆபத்தை அறியும் உரிமை, பாதுகாப்பு விடயங்களில் பங்குபற்றும் உரிமை, ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமை ஆகிய மூன்றும் இதன் தூண்கள்.

20 பேரோ அதற்கு மேற்பட்டவர்களோ வேலை செய்யும் இடங்களில் பொதுவாகக் கூட்டுச் சுகாதாரப் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். அதில் குறைந்தது பாதிப்பேர் தொழிலாளர்களின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். அவர்களைத் தொழிலாளர்களோ தொழிற்சங்கமோதான் தெரிவு செய்ய வேண்டும், நிர்வாகம் அல்ல. 6 முதல் 19 பேர் வரை உள்ள இடங்களில் தொழிலாளர் தெரிவு செய்யும் ஒரு பிரதிநிதி இருக்க வேண்டும். குழு மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது கூட வேண்டும்.

குழுவோ பிரதிநிதியோ எழுத்து மூலம் பரிந்துரை வழங்கினால், தொழில் வழங்குநர் 21 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதிலளிக்க வேண்டும். ஏற்பதானால் எப்போது செய்யப்படும் என்றும், ஏற்காவிட்டால் ஏன் என்றும் அதில் கூற வேண்டும். ஆகவே கண்டறிந்ததை வாயால் சொல்லிவிட்டு வர வேண்டாம். என்ன பிரச்சினை, அது எப்படித் தெரிய வந்தது, எத்தனை பேரிடம் கேட்கப்பட்டது, என்ன மாற்றம் வேண்டும், எப்போதைக்குள் வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். பெயர் நீக்கிய இரண்டு மூன்று கூற்றுகளையும் உடற்படத்தையும் இணையுங்கள். மாற்றம் வந்து மூன்று மாதத்தின் பின் அதே ஆட்களிடம் மீண்டும் கேளுங்கள். தள்ளுவண்டி வந்தும் பூட்டிய அறையில் இருக்கின்றது என்பது அப்போதுதான் தெரியவரும்.

இச்சட்டத்தின் கீழ் உரிமையைப் பயன்படுத்தியதற்காக வேலையால் நீக்குவதும், நேரத்தைக் குறைப்பதும், பயமுறுத்துவதும் தடை செய்யப்பட்டுள்ளன. ஏஜென்சி மூலம் வேலை செய்பவருக்கும் இச்சட்டம் பொருந்தும். வேலைத்தல வன்முறை, தொந்தரவு என்பன பற்றிய கொள்கையை எழுதி வைத்து, ஆண்டுக்கு ஒரு தடவையாவது மீள்பார்வை செய்ய வேண்டும் என்ற விதி 2010இல் சேர்க்கப்பட்டது. அந்த மீள்பார்வையின்போதும் தொழிலாளரின் அனுபவத்தைக் கேட்கும்படி நீங்கள் வற்புறுத்தலாம். 1989இல் தொடங்கப்பட்ட ஒன்ராறியோ தொழிலாளர்களுக்கான தொழில்சார் சுகாதார நிலையங்களில், வேலையால் வரும் நோய்கள் பற்றி இலவசமாக ஆலோசனை பெறலாம்.

கவனிக்க வேண்டியவை

இம்முறைக்கும் எல்லை உண்டு. 12 பேருடன் கதைத்துவிட்டு "எங்கள் தொழிற்சாலையில் 80 வீதமானோருக்கு முதுகு நோ" என்று எழுதக்கூடாது. வீதம் சொல்ல வேண்டுமானால் எல்லோரிடமும் கேள்விக்கொத்துக் கொடுத்துக் கேட்க வேண்டும். சொன்னதைக் கூட்டிச் சொன்னால் ஒரு பிழையைக் காட்டி முழுவதையும் தள்ளி விடுவார்கள்.

உடனடி ஆபத்து இருக்கும் இடத்தில் ஆய்வு செய்துகொண்டு நிற்க வேண்டாம். காப்பு மூடி இல்லாத மெசின், கசியும் வாயு, உடைந்த ஏணி என்பவற்றை உடனே மேற்பார்வையாளரிடம் அறிவியுங்கள். உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்று நம்பக் காரணம் இருந்தால் அந்த வேலையை மறுக்கும் உரிமையைப் பயன்படுத்துங்கள். காயப்பட்டவர் வைத்தியரிடம் போகும்போது அது வேலையில் நடந்தது என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். வேலைத்தலப் பாதுகாப்பு, காப்புறுதிச் சபைக்கு 6 மாதங்களுக்குள் கோரிக்கை அனுப்ப வேண்டும். லீவு தருகின்றோம், பத்திரம் வேண்டாம் என்று யாராவது சொன்னால், பிறகு நோ கூடும்போது கையில் எந்த ஆதாரமும் இராது என்பதை நினைவில் வைத்திருங்கள்.

எமது வர்த்தகர்களுக்கும் ஒரு வார்த்தை

எமது சமூகத்தில் கடை, உணவகம், தொழிற்சாலை நடத்துபவர்கள் பலர் இருக்கின்றார்கள். அங்கே வேலை செய்பவர் முதலாளியை "அண்ணை" என்றும் "அக்கா" என்றும் அழைக்கின்றார். ஊர் உறவு, வேலை எடுத்துத் தந்த நன்றி என்பன சேரும்போது நோவைச் சொல்வது இன்னும் கஷ்டமாகி விடுகின்றது. சொல்லாமல் இருப்பதை, பிரச்சினை இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உறவுக்காரர் என்றாலும் சட்டம் ஒன்றுதான். தாங்களே நேரில் கேட்டால் உண்மை வராது என்பதால், தொழிலாளர்கள் தமக்குள் ஒரு பிரதிநிதியைத் தெரிவு செய்ய இடம் கொடுங்கள். அவர் கொண்டுவருவதைக் கோபப்படாமல் கேளுங்கள். அனுபவமுள்ள சமையல்காரர் ஒருவர் தோள் நோவால் வேலையை விட்டுப் போவதிலும் பார்க்க, மேசையின் உயரத்தைக் கூட்டுவது மலிவானது.

வாசகர்களே, இம்மாதம் ஒரு சிறு காரியம் செய்து பாருங்கள். உங்கள் வேலைத்தலத்தில் பாதுகாப்புக் குழு உறுப்பினர்களின் பெயர்கள் ஒட்டப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அவர்களில் ஒருவருடன் கதையுங்கள். குழு இல்லை என்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள். அடுத்த குழுக் கூட்டத்துக்கு முன்னர், உங்களோடு வேலை செய்யும் மூன்று பேரிடம் "நேற்றைய வேலை நாளைச் சொல்லுங்கள்" என்று கேட்டு, அவர்கள் சொல்வதை அவர்களுடைய அனுமதியோடு குறித்து வையுங்கள். எங்கே தொடங்குவது என்பது அதிலிருந்தே தெரிந்துவிடும்.